மலை இறக்கத்தில் நியூட்ரலா? பரவும் தகவல் தவறு

"ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சின் பிரேக்கிங் கிடையாது, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டால் பெட்ரோலாவது மிச்சம்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. இரண்டாவது, உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் லீவரில் எல் (லோ), 2, எம் (மேனுவல்) போன்ற நிலைகளில் ஏதாவது ஒன்று இருக்கும். இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இதுதான் எஞ்சின் பிரேக்கிங். ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) கார்களில் உள்ளே இருப்பதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் கருவி இயக்குகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் கணக்கும் தலைகீழ். இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் எரிபொருளே நின்றுவிடும். சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் ஓட எரிபொருள் வேண்டும். வண்டியின் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும்.

மேனுவல் ஓட்டும் சுகம் தனி, மறுக்கவில்லை. வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, கிளட்சை மெல்ல விடும்போது வண்டி கைக்குள் அடங்குமே, அது வேறு ரகம். ஆனால் அது ரசனை. அதற்காகத் தவறான தகவலைப் பரப்ப வேண்டாம்.

உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவலில் இறக்கத்தில் ஓட்டுவது பற்றிய பகுதியைப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவரிடமும் விவரம் சொல்லுங்கள்.