ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்த கேடு

அந்த நாற்காலி விஷயம் இந்நேரம் உங்கள் எல்லோர் வாட்ஸாப்புக்கும் வந்திருக்கும், முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. எந்தப் பள்ளி என்று இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். வகுப்பில் டீச்சருக்கு நாற்காலியே போடாத பள்ளி. அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி டீச்சர் ஒருத்தி, ஆறாவது பீரியடில் கால் கடுத்துப்போய், கடைசி பெஞ்சுப் பையன் நகர்ந்து இடம் விட, இரண்டு நிமிஷம் உட்கார்ந்தாள். அதை சிசிடிவியில் பார்த்து மெமோ. மெமோகூடப் பரவாயில்லை. மறுநாள் பிரேயரில் அத்தனை பிள்ளைகள் முன்னால் மைக்கைப் பிடித்து "சில பேர் இங்க ரெஸ்ட் எடுக்க வர்றாங்க" என்று பிரின்சிபால் பேசுகிறார். அவரும் இரண்டு பிள்ளை பெற்றவர்தான்.

வகுப்பில் ஆசிரியருக்கு ஒரு நாற்காலி வேண்டும். நான் சொல்வது அவ்வளவுதான். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடுகிற பெண்ணுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டத்திருத்தமே வந்தது, கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. அது கடைகளுக்கு. எங்களுக்குச் சட்டமெல்லாம் வேண்டாமுங்க, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும்.

"நின்னு நடத்துனாத்தான் பசங்களுக்குப் பாடம் ஏறும்" என்பார்கள். நானும் நின்றுதான் நடத்தினேன், கணக்கை உட்கார்ந்துகொண்டா போர்டில் போட முடியும்? 45 நோட்டைத் திருத்துவதற்கும் நிற்கவேண்டுமா என்பதுதான் கேள்வி. ஏழு பீரியட், 40 நிமிஷம் வீதம் 4 மணி 40 நிமிஷம். பதினோரு வருஷம் அப்படி நின்றதற்கு இப்போது கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கிறது, புடவைக்குள் இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

"பிடிக்கலைன்னா வேற ஸ்கூல் போறது" என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை சேரும்போதே வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார்கள், தெரியுமா? போன ஜூனில் என்னுடையது கைக்கு வந்தது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன், அவளால் எழுத முடியாது.

மே மாதம் அட்மிஷன் பிடிக்க எங்களை ஊர் ஊராக அனுப்புவார்கள். சிவகிரி பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் நோட்டீஸை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டி கயிற்றுக்கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு, "ஏனம்மணி இந்த வேகாத வெயில்ல வந்திருக்கற, உக்காரு கண்ணு, மோர் கொண்டாறேன்" என்றார். அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரு பிள்ளைகூட இல்லை! அன்று ஒரு அட்மிஷனும் கிடைக்காமல் திரும்பினேன், சாயங்காலம் ஏசி அறையில் துண்டு விரித்த சுழல் நாற்காலிக்கு முன்னால் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் கணக்குக் கேட்டார்கள். எதிரே இரண்டு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

எல்லா பிரின்சிபாலும் அப்படியா என்றால், இல்லை. நான் முதலில் வேலை பார்த்த இடத்து ஹெச்.எம். பரீட்சை ஹாலில் நாங்கள் உட்காரத் தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டவர். பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் கொடுக்கும் அழுத்தம் பிரின்சிபாலுக்கும் உண்டு, சரி, இருக்கட்டும். மேலே வாங்குவதையெல்லாம் கீழே இறக்கிவைக்க நாங்கள் என்ன சுமைதாங்கிக் கல்லா?

மார்க் வந்தால் மட்டும் பள்ளியின் சாதனை. முதல் மூன்று இடம் அறிவிப்பதை அரசாங்கமே 2017-ல் நிறுத்திவிட்டது, எங்கள் ஊர் ரவுண்டானாவில் ஃபிளெக்ஸ் நின்றபாடில்லை. அதில் கரஸ்பாண்டன்ட் குடும்பமே சிரிக்கும், பிரின்சிபால் கைகட்டி நிற்பார். கணக்கு சொல்லிக்கொடுத்தவள் முகம் தபால்தலை அளவுக்காவது இருக்கிறதா என்று வண்டியை ஓரம்கட்டித் தேடியிருக்கிறேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அவள் நேற்று போன் பண்ணினாள். மெமோவுக்கு விளக்கம் எழுதவேண்டுமாம், "கால் வலின்னு எழுதட்டுங்களாக்கா, தலைசுத்தல்னு எழுதட்டுங்களா?" என்று கேட்டாள். கால் வலி என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கமெண்டில் வந்து "ஆசிரியர் பணி அறப்பணி" என்று எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து நின்றுகொண்டே டைப் பண்ணவும்.