தகர மாடும் குழாய்க்குள் போன ஓடையும்

"சுற்றுச்சூழல் கலை என்றாலே ஒரு ஆமை, ஒரு டால்பின், ரெண்டு சோகமான கண். வேற எதுவுமே கிடையாதா?" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கமெண்டில் பதில் போட ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது.

இருக்கிறது. இங்கே, நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில், ஒரு தகர மாடு இருக்கிறது.

செய்தவர் மிஷெல் டஃபெரி. 1966இல் இங்கேயே பிறந்தவர். சமோவா, ரரோடோங்கா, தஹீதி என்று மூன்று பசிபிக் தீவுகளிலும் வேர் உள்ளவர். மாட்டிறைச்சி டின்களை வெட்டித் தட்டையாக்கி, ரிவெட் அடித்து இணைத்து, 1994இல் நிஜ மாட்டின் அளவிலேயே இதைச் செய்தார். பெயர் 'பிசுபோ லுவா அஃபே'. லுவா அஃபே என்றால் 2000. பிசுபோ என்பது 'பீ சூப்' சமோவா நாக்கில் புரண்டு வந்த சொல். முதலில் கப்பலில் வந்த பட்டாணி சூப் டின்னுக்கு அந்தப் பெயர். பிறகு எல்லா டின் உணவுக்கும். கடைசியில் டின் மாட்டிறைச்சிக்கே நிலைத்துவிட்டது. நம் ஊரில் வனஸ்பதி எல்லாமே டால்டா ஆன கதைதான். சமோவாவில் கல்யாணம், சாவு எதுவானாலும் பிசுபோவைப் பெட்டி பெட்டியாகச் சீர் வைப்பார்கள்.

டஃபெரி மீன் டின்களாலும் மீன் செய்திருக்கிறார். சுற்றிலும் கடல், சாப்பாட்டுத் தட்டில் இறக்குமதி மீன்! தீவுகளில் சர்க்கரை நோய் பெருகியதில் இந்தக் கொழுப்புக்கும் உப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் அவருடைய மாடு யாருக்கும் வகுப்பு எடுக்காது. பளபளவென்று அழகாக நிற்கும். கிட்டே போனால்தான் விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் லேபிள் தெரியும். எனக்கு இந்த மாதிரிக் கலைதான் பிடிக்கும். சோகக் கண் போஸ்டரைப் பார்த்தால் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இதில் சாப்பிட்டவனும் மாட்டிக்கொள்கிறான்.

இனி சொல்வது என் வாசிப்பு, கலைஞர் மேல் பழி வேண்டாம். எனக்கு அந்த மாட்டுக்குப் பின்னால் ஆறுதான் தெரிகிறது. நியூசிலாந்தில் 1990இல் சுமார் 34 லட்சமாக இருந்த பால் மாடுகள் 2014இல் 67 லட்சம் ஆயின. அவற்றின் மூத்திரத்திலுள்ள நைட்ரஜன் மண்ணில் இறங்கி ஓடைக்கு வருகிறது, பாசி மண்டுகிறது. ஈரநிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த ஓடைகளில்தான் நீள்துடுப்பு விலாங்கு இருக்கிறது. இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் 'டுனா' (சூரை மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் முதலில் குழம்பினேன்). இந்த நாட்டில் மட்டுமே வளரும் மீன். சில 80 வயதைத் தாண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, முட்டையிட, பசிபிக்கில் வடக்கே நெடுந்தூரம் போய் அங்கேயே செத்துவிடும்; டோங்கா பக்கம் என்று கருதுகிறார்கள். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து இங்கே திரும்பி, ஆறுகளில் ஏறும். தீவுக்கும் இங்கேயுமாக அலைகிற குடும்பங்களைப் போலத்தான். வழியில் அணையும் மதகுக் குழாயும் மறிக்கின்றன. வழவழவென்று பாம்பு மாதிரி இருப்பதால் போஸ்டரில் இதற்கு இடமில்லை. டால்பினுக்கு உருகுகிறவர்கள் இதைக் கண்டால் காலைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

அந்த மாடு தே பாப்பா அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. பக்கத்திலேயே வைட்டாங்கி பூங்கா. ஒரு காலத்தில் அங்கே மாவோரிகள் உணவு தேடிய நீர்நிலை இருந்தது. 1855 நிலநடுக்கத்தில் நிலம் மேலே எழும்பி அது வற்றியது. அதில் கலந்த ஓடை பின்னால் குழாய்க்குள் போனது. 2006இல் பூங்கா கட்டியபோது ஓடையின் ஒரு துண்டை மறுபடி வெளியே எடுத்து, நாணல் வைத்து, சதுப்பு அமைத்தார்கள். சின்னத் துண்டுதான்.

நண்பர் இங்கே வந்தால் முதலில் ஓடை, அப்புறம்தான் அருங்காட்சியகம். மாடு அன்றைக்குக் காட்சியில் இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.