சவ்வு நைட்ரேட்டைப் பிடிக்காது
சவ்வு உலை (பாக்டீரியாத் தொட்டியோடு நுண்துளைச் சவ்வு வடிகட்டியும் சேர்ந்த அமைப்பு) வைத்தால் கழிவுநீரில் உள்ள நைட்ரஜன் தானாகப் போய்விடும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருக்கிறது. நான் தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த் ஆள். இப்போது கேப் டவுன் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறேன். சவ்வு சேற்றையும் கிருமியையும்தான் தடுக்கும். கரைந்த நைட்ரேட், வடிகட்டியில் டீ இறங்குவதுபோல் இறங்கிவிடும்.

வேலை செய்வது பாக்டீரியா. காற்றுள்ள தொட்டியில் ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரேட்டாக்கும். ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் கேட்கும், கரண்ட் பில் ஏறுவது அங்கேதான். காற்றில்லாத தொட்டியில் இன்னொரு கூட்டம் அதை நைட்ரஜன் வாயுவாக்கும். பழைய நிலையத்தில் குடுவையில் படிந்த சேறு அரைமணியில் குமிழியோடு மேலே எழும்பும், புளித்த இட்லி மாவு மாதிரி. அந்தக் குமிழிதான் நைட்ரஜன்.

சவ்வில் சிக்கல் வேறு. அடைக்காமலிருக்க அடியிலிருந்து ஓயாமல் காற்று ஊதுகிறோம். அங்கிருந்து திரும்பும் சேறு ஆக்சிஜனோடு நேரே காற்றில்லாத தொட்டியில் விழுந்தால் கதை கந்தல்! ஆக்சிஜன் கிடைத்தால் அங்குள்ள பாக்டீரியா நைட்ரேட்டைத் தொடாது. எங்களுக்கு அதுதான் நடந்தது. சேறு திரும்பும் குழாயை முதலில் காற்றுத் தொட்டிக்குத் திருப்பிய பிறகே நைட்ரேட் குறைந்தது.

இன்னொன்று: நைட்ரஜன் நீக்குவதைக் கட்டுரை வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்கிறது. நைட்ரஜன் நீக்கும் பார்டென்ஃபோ முறையை 1970களில் உருவாக்கிய ஜேம்ஸ் பர்னார்ட் தென்னாப்பிரிக்கர்தான்.