ஒரே நாளில் ஒன்பது கோயில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவை நவக்கிரகக் கோயில்களுக்கு அழைத்துப் போனேன். வேன் பேசி, பத்துப் பன்னிரண்டு பேராக, விடியற்காலையில் கும்பகோணத்தில் கிளம்பி ராத்திரிக்குள் ஒன்பதையும் முடித்துவிட்டோம். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, "எந்தக் கோயில்மா ரொம்பப் பிடிச்சிருந்தது?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "மத்தியானம் ஒரு திண்ணையில உக்காந்திருந்தோமே, காத்து ஜிலுஜிலுன்னு வந்துதே, அது எந்தக் கோயில்?" என்றார்.

அது கோயிலே இல்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் நடை சாத்திய பிறகு, நாலு மணிக்குத் திருவெண்காடு திறக்கும்வரை பொழுது போகட்டும் என்று டிரைவர் இறக்கிவிட்ட ஒரு கல்யாண மண்டபம். கோயிலுக்குப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று ஓடிய நாங்கள் அன்றைக்கு முழுசாக மூன்று மணி நேரம் இருந்த ஒரே இடம் அதுதான்.

இந்தச் சுற்றுக்குப் போனவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கும். காலையில் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன் கோயில் என்று ஆறு. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவதற்குள் ஆறாவதைப் பிடித்தாக வேண்டும். சாயங்காலம் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. ஒரு இடத்தில் வரிசை நீண்டுவிட்டால் டிரைவர் முகம் மாறிவிடும். அவரையும் குறை சொல்ல முடியாது, ஒன்பது காட்டுகிறேன் என்று சொல்லித்தானே காசு வாங்கியிருக்கிறார்!

என் வருத்தம் வேகத்தைப் பற்றி மட்டும் இல்லை. வேகத்தில் எது எது கைநழுவிப் போகிறது என்பதுதான்.

திங்களூரை எடுத்துக்கொள்ளுங்கள். வேனில் அதற்கு "சந்திரன்" என்றுதான் பெயர். "சந்திரன் முடிஞ்சுது, அடுத்து குரு." ஆனால் அது அப்பூதியடிகளின் ஊர். திருநாவுக்கரசரைக் கண்ணால் பார்க்காமலே அவர் மேல் பித்தாகி, பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் அவர் பெயரையே வைத்த மனுஷன். நடந்து வந்த அப்பர், பந்தலில் தன் பெயரைப் பார்த்துவிட்டு யார் வைத்தது என்று விசாரிக்கிறார். வீட்டில் விருந்து தயாராகிறது. வாழைக்குருத்து அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அடியார் சாப்பிடாமல் போய்விடுவாரே என்று, இறந்த பிள்ளையை மறைத்து வைத்துவிட்டு இலை போடுகிறார்கள் பெற்றவர்கள். விஷயம் தெரிந்து அப்பர் பதிகம் பாட, பிள்ளை எழுந்து வருகிறான். சின்ன வயதில் அம்மா எனக்குச் சொன்ன கதை இது. அந்த ஊரில்தான் நிற்கிறோம் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. வெள்ளை வஸ்திரம், பச்சரிசி, அர்ச்சனைச் சீட்டு, வேன் ஹாரன். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஊர்ப்பெயரை வைத்துத் தேடியபோதுதான் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அட, அங்கேயா போனோம்!" என்றார். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆலங்குடி வேறு ஒரு கூத்து. அங்கே குரு என்று எல்லாரும் முண்டியடிப்பது தட்சிணாமூர்த்தி சந்நிதியில். அவர் சிவனுடைய ஒரு வடிவம். கல்லால மரத்தடியில் நாலு முனிவர்களுக்குப் பேசாமலே உபதேசம் செய்தவர். கிரகமான குரு வேறு, அவர் தேவர்களுக்கு ஆசானான வியாழன். ரெண்டு பேருக்கும் குரு என்ற சொல் பொது என்பதால் கொண்டைக்கடலை மாலை முழுக்க இவர் கழுத்தில் வந்து விழுகிறது. சரி, பக்தியில் இதெல்லாம் கலப்பது சகஜம், சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் தெற்குச் சுவரில் இதே தட்சிணாமூர்த்தி ஒரு விளக்கோடு சும்மா உட்கார்ந்திருப்பார். உங்கள் தெருக்கோடிக் கோயிலிலும் இருப்பார்.

பரிகாரம் என்றே வைத்துக்கொள்வோம். பரிகாரத்துக்கும் முறை உண்டே! சூரியனார் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் பக்கத்திலிருக்கும் திருமங்கலக்குடியில் பிராணநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பழைய வழக்கம். எங்கள் வேன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கு "லிஸ்ட்ல இல்ல சார்" என்று பதில். முறைக்காகத்தான் போகிறோம் என்றால் முறையையே பாதியில் வெட்டிவிட்டுப் போவதில் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

திருநள்ளாறு போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கூட்டம் முழுக்கச் சனீஸ்வரன் சந்நிதியில். மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர் முன்னால் எங்கள் வேனிலிருந்து போய் நின்றது மூன்றே பேர். சம்பந்தர் இந்த ஊரைப் பாடிய பதிகத்தைத்தான் மதுரையில் சமணர்களோடு நடந்த அனல்வாதத்தின்போது, யார் ஏடு எரியாமல் நிற்கிறது என்று பார்க்கும் அந்தப் போட்டியில், நெருப்பில் இட்டார்கள் என்பது வரலாறு. ஏடு கருகாமல் பச்சையாகவே இருந்ததால் அதற்குப் பச்சைப் பதிகம் என்றே பெயர். அதெல்லாம் யார் காதில் விழுகிறது? நளதீர்த்தத்தில் முழுகி, போட்டிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டால் தோஷம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. நாம் விட்டது தோஷமோ என்னவோ, அந்த ஈரத்துணி மூட்டையை அள்ளுவதற்கு ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கும் ஒரு ஜாதகம் இருக்கும் இல்லையா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சுற்றுக்கு வருகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. எங்கள் வேனில் ஒரு அக்கா வந்திருந்தார். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது, கடையில் ஒரு நாள்தான் லீவு தருவார்கள். அவரிடம் போய் "நிதானமாகத் தரிசனம் பண்ணுங்க" என்று பாடம் எடுக்க நான் யார்? 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து 750 ரூபாய்க்கு ஒரு நாள் நவக்கிரகப் பேருந்து விட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கார் வைத்துப் போக வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய விஷயம். நான் பேசுவது, நேரமும் காசும் இருந்தும் "ஒன்பதும் கவர் பண்ணிட்டோம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிற என்னைப் போன்றவர்களைப் பற்றி.

போன மாசியில் அம்மாவும் நானும் மட்டும் திரும்பப் போனோம். ஒரே ஒரு கோயில், திருவெண்காடு. முதல் தடவை புதன் சந்நிதியில் தள்ளுமுள்ளுப்பட்டு வெளியே வந்த அதே இடம். இந்தத் தடவை நடை திறக்கும்போதே உள்ளே போய்விட்டோம். சூரியன், சந்திரன், அக்னி என்று மூன்று குளம் இருக்கிறது அங்கே. மூன்றிலும் அம்மா தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். அகோரமூர்த்தி முன்னால் வெகுநேரம் நின்றார். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் என்று சொன்னேன். "இந்தத் தரையிலேயா நடந்தாங்க?" என்று குனிந்து பார்த்தார்.

இந்த ஊரில் கிடைத்த இடபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், செப்புத்திருமேனி இப்போது தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1011 ஆம் ஆண்டு, ராஜராஜன் காலத்தது. தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு, காலை மாற்றி வைத்து, ஒரு கையைக் காளைமேல் ஊன்றி நிற்கிற கோலம். காளை இல்லை. கை மட்டும் அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. மறுநாள் அதையும் காட்டினேன். அம்மா காலில் செருப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது திருப்புன்கூர் என்று முடிவாகியிருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. சாதியைச் சொல்லி உள்ளே விடாததால் வாசலில் நின்ற நந்தனார் சிவனைப் பார்க்கட்டும் என்று நந்தி விலகிய ஊர். எந்த கிரகத்துக்கும் உரியதில்லை என்பதால் வேன் போகாது. பக்கத்து வீட்டில், "அங்கே எதுக்கு விசேஷமா?" என்று கேட்டார்களாம். "நந்தி எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாக்கணும்" என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறார். சாயங்கால நடை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.