ஃபுளோரென்ஸ்கி தடம் மாறவில்லை

ரஷ்யப் பாதிரியாரும் சிந்தனையாளருமான பாவெல் ஃபுளோரென்ஸ்கியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "1917 ரஷ்யப் புரட்சிக்கு முன் இறையியல், அப்புறம் மின்பொறியியல், இரண்டும் ஒட்டவில்லையே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பண்பாட்டைப் பற்றிய அவர் சிந்தனை மாறியது உண்மைதான், ஆனால் வேர் ஒன்றுதான்.

1918இல், புதிய அரசு தேவாலயச் சொத்துகளைக் கையகப்படுத்திய நேரத்தில், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள செர்கியெவ் பொசாத் மடாலயத்தைக் காக்கும் குழுவில் அவர் இருந்தார். வழிபாட்டுக்காகப் பலகையில் வரையப்படும் ஐகான் என்ற புனித ஓவியங்களை அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரம்தானே என்ற பேச்சுக்கு அவர் எழுதிய பதிலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எண்ணெய் விளக்கின் சுடர் ஆட ஆட ஓவியத்தின் தங்கம் மின்னும், அடங்கும். நறும்புகை நீலநிற மெல்லிய திரையாக நடுவில் நிற்கும். பாட்டும், பாதிரியாரின் அங்கி அசைவதும்கூட அந்தக் கலையில் சேர்த்தி. ஆடாத மின்விளக்கின் கீழே மாட்டிவிட்டால் பலகையும் வண்ணமும்தானே மிஞ்சும்?

அதே ஆண்டுச் சொற்பொழிவுகளில், வழிபாட்டிலிருந்தே பண்பாடு கிளைத்தது என்றார். லத்தீனில் இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்று. இந்தப் பிடிவாதத்தில் மறுமலர்ச்சிக் கால ஓவியத்தையே சரிவு என்று ஒதுக்கினார். அது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

1920களில் பாதிரி அங்கியோடே மின்சார ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். கலைக்களஞ்சியம் ஒன்றுக்காகத் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் இயற்பியல் மொழியில் பேசுகிறார்: தன்போக்கில் விட்டால் உலகில் எல்லா வேறுபாடும் தேய்ந்து சமமாகிவிடும், அதை அறிந்து எதிர்த்து நிற்பதே பண்பாடு. விளக்குச் சுடருக்காக வாதாடியவர் வேறெப்படிச் சொல்வார்? அங்கே ஒரு மடாலயத்தில் பார்த்ததை இங்கே உலகம் முழுவதிலும் பார்க்கிறார், அவ்வளவுதான்.

1933இல் கைது, பத்தாண்டு தண்டனை. ரஷ்யாவின் தூரக்கிழக்கிலுள்ள ஸ்கோவொரோதினோவில், கைதியாகவே, நிரந்தர உறைமண்ணை ஆராய்ந்தார். பிறகு வெண்கடலிலுள்ள சோலோவ்கித் தீவுச் சிறைமுகாமில் கடற்பாசியிலிருந்து அயோடினும், அகார் என்ற கூழ்ப்பொருளும் எடுக்கும் வேலை. 1937 டிசம்பர் 8 அன்று சுட்டுக் கொன்றார்கள். அதுவரை வீட்டுக்குக் கடிதம் எழுத முடிந்தபோதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார், பாசிகளை வரைந்து அனுப்பியிருக்கிறார். கடைசி மகன் மீக்குக்காக ஒரு நெடுங்கவிதையே எழுதினார். தடம் மாறினார் என்பவர்கள் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.