பில்லு நம்மது, டேட்டா யாருது?

பெங்களூரு இந்திராநகர்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் நம்ம சாப்பாட்டுக் கடை ஓடுது. பில்லிங் சாஃப்ட்வேருக்கோ பன்னிரண்டு அடிச்சா அடுத்த நாள்! சனிக்கிழமை வசூல்ல ஒரு பங்கு ஞாயித்துக்கிழமைல போய் உக்காந்திருக்கும். பில் டேட்டாவை நம்ம புரோகிராமே நேரா எடுத்துக்குற வழி, அதான் ஏபிஐ, அதைக் கேட்டா, "அது மேல் பிளான் சார்."

சரி, எக்ஸெல்ல திறக்குற சிஎஸ்வி ஃபைலாவது எடுப்போம்னா, தேதியிலயே குழப்பம். 03/04 மார்ச்சா ஏப்ரலா? கன்னடத்துல போட்ட ஐட்டம் பேரெல்லாம் எக்ஸெல்ல படிக்க முடியாத ஜிலேபி எழுத்து. நாலு ஐட்டம் பில்லுக்கு 100 ரூபா தள்ளுபடி குடுத்தா நாலு வரியிலயும் 100, கூட்டினா 400! கேன்சல் பில்லும் மொத்தத்துல சேர்த்தி. ஆன்லைன் ஆர்டருக்கு 2022 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி கட்டுறது டெலிவரி ஆப்காரன். ரிப்போர்ட்லயோ அந்த 5 சதவீதமும் நம்ம தலையில. பிரிச்சுக் காட்ட என்ன கேடு?

சப்போர்ட்ல கேட்டா, "ரிப்போர்ட்ஸ்ல பாருங்க சார்." பார்த்துட்டுத்தானேய்யா கேக்குறோம்!