படி எத்தனை எண்டு கேட்டால் ஏன் ஒருத்தரும் பதில் சொல்லுறாங்களில்லை?

பெப்ரவரியில, பிள்ளையளின்ர லீவுக் கிழமையில, மூண்டு இரவு தங்கிறதுக்கு ஒரு ஹோட்டல். அவ்வளவுதான் நான் தேடுறது. அதுக்கு ரெண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் பிள்ளையளைப் படுக்க வைச்சுப்போட்டு இரவு பத்தரைக்கு லப்டொப்பைத் திறந்துகொண்டு கண் எரியிற வரைக்கும் இருக்கிறன், ஒம்பது ஹோட்டலுக்கு ஈமெயில் போட்டிட்டன், ஐஞ்சு இடத்துக்கு போன் எடுத்திட்டன், இன்னும் ஒண்டும் சரிவரேல்ல. இண்டைக்கு வந்த பதிலைப் பாத்த பிறகு எனக்கு விசர் பிடிச்ச மாதிரி இருக்கு, இதை எழுதாட்டி நித்திரை வராது.

போகவேண்டியது செர்மாட்டுக்கு, சுவிசில மலைக்குள்ள இருக்கிற ஊர். வேற எங்கயாவது போகலாமே எண்டு எங்கட இவரும் சொல்லிப் பாத்திட்டார். வேற இடம் ஏலாது. அம்மான்ர தம்பி, என்ர மாமா, 1987ல சுவிசுக்கு வந்து செர்மாட்டில ஒரு ஹோட்டல் குசினியில கோப்பை கழுவினவர், பிறகு அங்கயே சமையலுக்கு ஏறினவர். அங்கயிருந்து வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினவர். குசினியின்ர பின்கதவு வாசலில நிக்கிறார், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட காற்சட்டை, காலில ரப்பர் சப்பாத்து, அந்தச் சப்பாத்து பாதி ஸ்னோவுக்குள்ள, பின்னால மாட்டர்ஹோர்ன் மலை. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில எத்தினையோ சாமானை விட்டிட்டு நடந்த அம்மா அந்தப் படத்தை விடேல்ல, சட்டைக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தவ. மாமா செத்து எட்டு வருசமாச்சு. இப்ப அம்மா விசா எடுத்து என்னட்ட வந்து நிக்கிறா, அவன் நிண்ட இடத்தில ஒருக்கா நிண்டு பாக்கவேணும் எண்டு கேக்கிறா. அம்மாவுக்கு 71 வயசு, இடது முழங்கால் ஒப்பரேசன் செய்தது. அவ கேட்டது இது ஒண்டுதான்.

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன், செர்மாட்டுக்குள்ள கார் விடுறதில்ல எண்டதில எனக்கு ஒரு கோபமும் இல்ல. நல்ல விசயம். பெற்றோல் மணம் இல்லாமல் பிள்ளையள் றோட்டில ஓடித் திரியலாம், அந்த ஊரை அந்த ஊரா வைச்சிருக்கிறதே அதுதான். காரில போற ஆக்கள் 5 கிலோமீட்டர் முன்னுக்கே டேஷில காரை விட்டிட்டு 12 நிமிசம் ரயிலில வரவேணும், எங்களை மாதிரி பேர்னிலயிருந்து வாற ஆக்கள் ஃபிஸ்பில மாறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல மலை ரயிலில ஏறவேணும், அதெல்லாம் சந்தோசமாச் செய்யலாம், அந்த ரயில் 1891லயிருந்து ஓடுது, அதில ஒரு குறையும் நான் சொல்லமாட்டன். கரைச்சல் ஸ்டேஷனில இறங்கின பிறகுதான் தொடங்குது. கார் போற ஊரெண்டால் ஹோட்டல் எங்க இருந்தாலும் வாசலில கொண்டுபோய் இறக்கலாம். கார் இல்லாத ஊரில ஸ்டேஷனுக்கும் ஹோட்டல் கதவுக்கும் இடையில இருக்கிற அந்த அரைக் கிலோமீட்டர்தான் முழுப் பயணமும். அதைப் பற்றித்தான் இந்த ஹோட்டல்காரர் ஒருத்தரும் வாயைத் திறக்கிறாங்களில்ல!

எல்லாரும் எழுதி வைச்சிருக்கிறது ஒரே வசனம், "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்". ஆர் நடந்தால் 5 நிமிடம்? முதுகில பாக் இல்லாத இருபது வயசுப் பொடியன், யூலை மாசத்தில, இறக்கத்திலயா? புக் பண்ணுற தளங்களில "450 மீட்டர்" எண்டு போட்டிருக்கும், அது காகம் பறக்கிற தூரம். காகத்துக்குப் பெட்டி இல்ல, முழங்கால் நோவும் இல்ல.

இதை நான் சும்மா இருந்து யோசிச்சு எழுதேல்ல, பட்டு வந்த ஆள் எழுதுறன். ரெண்டு வருசத்துக்கு முதல் அம்மா முதல் தரம் வந்த நேரம் வெங்கனுக்குப் போனனாங்கள். அதுவும் கார் போகாத ஊர், லவுட்டர்புருன்னனில மாறி ஒரு கால் மணித்தியாலம் மலை ரயிலில ஏறவேணும். ஹோட்டலின்ர பக்கத்தில "ஸ்டேஷனுக்கு அருகில்" எண்டு பெரிய எழுத்தில போட்டிருந்தது, நான் நம்பினன். பின்னேரம் ஆறே முக்கால், இருட்டிப்போச்சு, ஸ்னோ கொட்டுது, போன் எடுத்தால் எடுக்கிறாங்களில்ல. வழி காட்டுற மெப் மலைப்பக்கமாத் திரும்பச் சொல்லுது. ஏத்தமெண்டால் சும்மா ஏத்தம் இல்ல, அடியில ஐஸ், அதுக்கு மேல சறுக்காமல் இருக்கிறதுக்குப் போட்ட குறுணிக்கல்லு, அதுக்கு மேல புது ஸ்னோ. பத்து மீட்டர் போகேக்கயே பெட்டிச் சில்லுக்குள்ள ஸ்னோவும் கல்லும் சேந்து இறுகி சில்லு சுத்தேல்ல, இவர் ஒரு பெட்டியைத் தோளில தூக்கி வைச்சுக்கொண்டு மற்றதைக் கையில பிடிச்சுக்கொண்டு ஏறினார், நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்கும் கை குடுத்துக்கொண்டு ஏறினன். ஒவ்வொரு அடிக்கும் அம்மா ஒரு கையால மதிலைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கால் எங்க வைக்கிறது எண்டு பாத்துப் பாத்து வைச்சா. ஐஞ்சு நிமிசப் பாதை முப்பத்தைஞ்சு நிமிசம் எடுத்தது. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லேல்ல. இரவு பிள்ளையள் நித்திரையான பிறகு லைற் போடாமல் கட்டில் ஓரத்தில இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கொண்டிருந்தா, நான் கண்டதை அவ காணேல்ல. அண்டைக்குத்தான் நினைச்சன், இனி ஒரு ஹோட்டல்காரன்ர வசனத்தையும் நம்பிறதில்ல எண்டு.

இப்ப நான் என்ன செய்யிறன் தெரியுமோ, அரசாங்கத்தின்ர சுவிஸ் மெப் இருக்கெல்லோ, அதைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒவ்வொரு ஹோட்டலுக்கும் உயரம் பாக்கிறன். செர்மாட் ஸ்டேஷன் 1600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. "5 நிமிடம்" எண்டு போட்ட ஒரு ஹோட்டலின்ர இடத்தை அமத்திப் பாத்தால் ஸ்டேஷனை விட 60 மீட்டர் கூட. 60 மீட்டர் எண்டால் இருபது மாடி! இருபது மாடி ஏறவேணும் எண்டதை மறைச்சுப்போட்டு 5 நிமிடம் எண்டு எழுதுறது பச்சைச் சுத்துமாத்து, வேற பேர் அதுக்கு இல்ல. இந்த நாட்டில மலைப்பாதைக்கு நட்டு வைச்சிருக்கிற மஞ்சள் பலகையளைப் பாருங்கோ, அதில கிலோமீட்டர் போடுறதில்ல, நேரம்தான் போடுறது, அந்த நேரத்தையும் தட்டை நிலத்தில மணித்தியாலத்துக்கு 4.2 கிலோமீட்டர் எண்டு வைச்சு, ஏத்தம் இறக்கத்தையும் சேத்துத்தான் கணக்குப் பண்ணுறது. காட்டுப் பாதைக்கு இவ்வளவு நேர்மையாக் கணக்குப் பாக்கிற நாட்டில, இரவுக்கு 400 பிராங் வாங்கிற ஹோட்டல் தன்ர வாசலுக்கு ஒழுங்கான கணக்குச் சொல்லாதாம்.

நான் கேட்டது நாலே கேள்வி. ஸ்டேஷனிலயிருந்து உங்கட கதவு வரைக்கும் எவ்வளவு ஏத்தம்? றோட்டிலயிருந்து உள்ளுக்கு இருக்கிற லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி? ஸ்டேஷனுக்கு வந்து ஏத்துற உங்கட மின்சார வண்டி எத்தனை மணி வரைக்கும் ஓடும்? அதில ஆக்களும் ஏறலாமோ பெட்டி மட்டுமோ? நாலாவது கேள்வி ஏனெண்டால், சில இடத்தில அந்த வண்டி பெட்டியை மட்டும்தான் ஏத்திக்கொண்டு போகும், மனிசர் நடந்து வரவேணும், அதைப் போய் இறங்கின பிறகுதான் சொல்லுவாங்கள். வந்த பதில் என்ன? "எங்கள் ஹோட்டல் அமைதியான, மத்தியமான இடத்தில் அமைந்துள்ளது, உங்களை வரவேற்க ஆவலாக உள்ளோம்." ரெண்டு ஹோட்டலிலயிருந்து கிட்டத்தட்ட இதே பதில். ஒருத்தர் ஹோட்டல் படங்களுக்கு லிங்க் அனுப்பினார், படம் எல்லாம் கோடையில எடுத்தது, பூச்சட்டி வைச்ச பல்கனி. இண்டைக்கு வந்ததுதான் எல்லாத்துக்கும் மேல, "லிஃப்ட் உண்டு" எண்டு பெரிசாப் போட்ட ஹோட்டல், நான் மூண்டாந்தரம் அமத்திக் கேட்ட பிறகு சொல்லுது, லிஃப்ட் ரிசெப்ஷன் மாடியிலயிருந்துதானாம், றோட்டிலயிருந்து ரிசெப்ஷனுக்கு வெளிப்படி 38 ஆம். வெளிப்படி! பெப்ரவரி மாசத்தில! அதே ஊரில சில கட்டடத்துக்குப் பாறைக்குள்ள சுரங்கம் வெட்டி லிஃப்ட் வைச்சிருக்கிறாங்கள், அது எல்லாராலயும் ஏலாது, எனக்கு விளங்குது, லிஃப்ட் வைக்கச் சொல்லி நான் கேக்கேல்ல, 38 எண்ட ஒரு இலக்கத்தை எழுதுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

வண்டியாவது உதவுமோ எண்டு பாத்தால் ஒரு இடத்தில காலமை எட்டிலயிருந்து பின்னேரம் ஆறு மணி வரைக்கும்தானாம். வெள்ளிக்கிழமை வேலை முடிச்சு, பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால எடுத்துக்கொண்டு பேர்னில ரயில் ஏறுற குடும்பம் ஆறு மணிக்கு முதல் எப்பிடிப் போய் இறங்கிறது? ஸ்டேஷன் வாசலில மின்சார ராக்ஸி நிக்கும், அது தெரியும், ஆனா லீவுக் கிழமையில ஒரு ரயில் சனம் ஸ்கியோடயும் பெட்டியோடயும் ஒரே நேரத்தில இறங்கேக்க அம்மாவையும் ரெண்டு பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு குளிருக்க எவ்வளவு நேரம் நிக்கிறது?

"ஸ்கி லிஃப்ட்டுக்கு 2 நிமிடம்" எண்டது இன்னொரு பம்மாத்து. எந்த லிஃப்ட் எண்டு சொல்லமாட்டாங்கள். செர்மாட்டில மலைக்கு ஏற மூண்டு இடம் இருக்கு, கோர்னர்கிராட் மலைக்குப் போற ரயில், ஊர் ஸ்டேஷனுக்கு நேரெதிர, சுன்னெக்காவுக்குப் போற நிலக்கீழ் ரயில் ஆத்துக்கு அங்கால, கிளைன் மாட்டர்ஹோர்ன் பக்கம் போற கேபிள் கார் ஊரின்ர மற்றத் தொங்கலில. சின்னப் பிள்ளையள் ஸ்கி பழகிற வோலி பார்க் இருக்கிறது சுன்னெக்காவில. ஹோட்டல் கேபிள் காருக்குப் பக்கத்தில இருந்தால் எங்களுக்கு என்ன பிரயோசனம், ஐஞ்சு வயசுப் பிள்ளையை அந்தக் கல்லு மாதிரிச் சப்பாத்தோட ஊரின்ர ஒரு தொங்கலிலயிருந்து மற்றத் தொங்கலுக்கு ஒவ்வொரு காலமையும் இழுக்கிறதோ?

விலையைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் விடிஞ்சுபோகும். பெப்ரவரியில கன்டோன் கன்டோனா, அதாவது மாநிலம் மாநிலமா, மாறி மாறி ஸ்போர்ட் ஃபேரியன் எண்ட பள்ளிக்கூட லீவு விடுறதால மாசம் முழுக்க உச்ச விலை, இரவு பாத்த விலை காலமை 140 பிராங் கூட, அரைவாசி இடத்தில சனிக்கிழமை தொடக்கம் சனிக்கிழமை வரைக்கும் ஏழு இரவுக்குக் குறைய எடுக்க ஏலாது. அதையும் விடுவம். ஆனா காசு திருப்பித் தராத புக்கிங்கை மலிவு எண்டு காட்டி இழுக்கிறாங்களே, அதைப் பொறுக்க ஏலாது. 2018 ஜனவரியில பனிச்சரிவுப் பயத்தில றோட்டும் ரயிலும் பூட்டி 13,000 உல்லாசப் பயணியள் அந்த ஊருக்குள்ள மாட்டுப்பட்டவை, ஹெலியில கொண்டுவந்து இறக்கினது. 2025 ஏப்ரலில ஈஸ்ரருக்கு முதல் ஸ்னோ கொட்டி திரும்பவும் பாதை பூட்டு, கரன்ட்டும் இல்ல. ஒரே ஒரு பள்ளத்தாக்கால மட்டும் போய் வாற ஊர், பூட்டினால் பூட்டினதுதான். ரயில் ஓடாட்டி காசு திரும்பி வருமோ எண்டு ரெண்டு இடத்தில கேட்டன், ரெண்டு பேரும் இல்லையெண்டினம், பயணக் காப்புறுதி எடுக்கட்டாம். பாதை பூட்டுறது அவையின்ர பிழை இல்ல, எனக்குத் தெரியும், ஆனா என்ர பிழையும் இல்லைத்தானே, பிறகு ஏன் முழு நட்டமும் என்ர தலையில?

எல்லாரும் இப்பிடி எண்டும் சொல்லமாட்டன். போன் எடுத்த ஒரு இடத்தில ஒரு பிள்ளை கதைச்சா, குரலைக் கேட்டால் இருபத்திரெண்டு இருபத்திமூண்டு வயசுதான் இருக்கும். படி எத்தனை எண்டு கேட்டன். "எனக்குத் தெரியாது, கொஞ்சம் நில்லுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு போனோடயே கதவைத் திறந்துகொண்டு வெளியில போனா. காத்துச் சத்தம் கேக்குது, சப்பாத்து ஸ்னோவில நறநறக்கிற சத்தம் கேக்குது, ஒண்டு, ரெண்டு எண்டு ஜெர்மனில எண்ணிக்கொண்டு இறங்கிறா. பதினாலு. ஏறேக்க வலப் பக்கத்தில கைபிடி இருக்கு, இடப் பக்கம் இல்லை, கடைசி மூண்டு படியில ஐஸ், அதுக்கு இப்பவே உப்புப் போடச் சொல்லுறன், பின்பக்கத்தால சாமான் இறக்கிற வழி இருக்கு, அதில ஒரு படியும் இல்ல, அம்மாவை வண்டியில நேர அங்க கொண்டுவரலாம். எல்லாம் சேத்து மூண்டு நிமிசம். மூண்டு நிமிசம் மினக்கெட்டால் முடியிற வேலை இது! எனக்குப் போனில அழுகை வந்திட்டுது, அந்தப் பிள்ளை பயந்துபோய் என்ன நடந்தது எண்டு கேட்டுது.

அந்த இடத்தில எங்கட பிள்ளையளின்ர லீவுக் கிழமைக்கு ஒரு அறையும் இல்ல. மார்ச் 17லயிருந்து மூண்டு இரவு இருக்காம், ஞாயிறு வரைக்கும் பிடிச்சு வைக்கிறன் எண்டு சொன்னா. பெரியவளுக்கு அப்ப பள்ளிக்கூடம், டீச்சரிட்ட லீவு கேட்டு எழுதியிருக்கிறன், பதில் வரேல்ல. இவருக்கும் லீவு இல்ல. பின்பக்க வழி எண்டு நான் சொன்னதைக் கேட்டுப்போட்டு அம்மா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து, குசினிக் கதவும் அந்தப் பக்கம்தானே இருக்கும் எண்டு கேக்கிறா. அம்மான்ர விசா ஏப்ரல் 3 வரைக்கும்.